யாரு ஊட்டுப் போசி?

பிரபா இருபத்திரண்டு அச்சு முறுக்கைப் பதினொரு வீட்டுக்குப் பங்கு போட்டு முடித்த நேரத்தில், மகள் கனிஷ்கா ஓடி வந்து சுவர் மேல் ஒரு போசி நிற்கிறது என்றாள்.

"எந்தச் சுவரு?"

"நம்ம சுவரு. பெரியம்மா ஊட்டுச் சுவரு."

இரண்டும் ஒரே சுவர்தான். புதுச்சத்திரத்தில் பிரபாவின் வாடகை வீட்டுக்கும் சௌந்திரத்தின் சொந்த வீட்டுக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஓடுகிறது. அந்தத் தெருவுக்குக் குடி வந்த ஒன்றரை வருஷத்தில் அதைத் தாண்டிப் போன குழம்பையும் வந்த ரசத்தையும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம்.

பிரபா போய்ப் பார்த்தாள். இரண்டு படி அரிசி பிடிக்கிற எவர்சில்வர் தூக்குப் பாத்திரம், அந்த ஊர்ப் பேச்சில் தூக்குப்போசி. பேர் வெட்டாத புதுப் போசி. மூடியைத் திறந்தாள். காலி.

காலிப் போசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் குறைவு. பிரபா பயந்தாள். அதற்குக் காரணம் அவளுடைய வாய்.

அந்தத் தெருவில் ஒரே கிறிஸ்தவ வீடு அவளுடையது. தீபாவளிக்குப் பதினொரு வீட்டிலிருந்தும் பலகாரம் வந்தது. மற்றவர்கள் தட்டில் கொண்டு வந்தார்கள். சௌந்திரம் மட்டும் தாம்பாளத்தில் கொண்டு வந்தாள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் பிரபா, "இருங்கக்கா, கிறிஸ்துமஸ் வரட்டும், நான் ஆருன்னு காட்டறேன்" என்று சொல்லிவிட்டாள். இப்போது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நாளைக்கு. காட்டுவதற்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.

அவள் புருஷன் பூபதி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் கம்ப்ரசர் படுத்துப்போய் ஒரு மாசமாக நிற்கிறது. மூன்று நாளைக்கு முன்னால் எங்கேயோ சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று பேசினான். "இந்த வருஷம் வரவும் முடியாது, ஒண்ணும் வாங்கி அனுப்பவும் முடியாது பிரபா" என்றான்.

"அதனால என்னங்க, கிறிஸ்துமஸ் நம்மள உட்டுட்டா போயிரும்?" என்று தைரியமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஏழு வயது மகளைக் கூப்பிட்டு ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"இந்த வருஷம் புதுச்சட்டை இல்லை சாமி. பொம்மையும் இல்லை. ஆனா கேக்கு உண்டு. உன்ர பேரு எழுதி."

கனிஷ்கா யோசித்தாள். "முழுப் பேருமா?"

"முழுப் பேரும்."

"சரி."

"ஆனா ஒண்ணு. ஊட்டுல ஒண்ணுமில்லைன்னு வெளியில ஆருகிட்டயும் மூச்சு உடக் கூடாது. எல்லாம் இருக்குதுன்னு சொல்லோணும்."

இப்போது அந்தக் காலிப் போசி. தீபாவளிக்குத் தாம்பாளம் நிறையக் கொடுத்தவள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், பலகாரம் பரிமாறிக்கொள்கிற சுவர் மேல் ஒரு காலிப் போசியை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கே உன் பலகாரம், இதில் போடு என்றுதான் அர்த்தம். பிரபா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சௌந்திரத்திடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு இரண்டு முறுக்கு என்பது கணக்கு. இரண்டை எடுத்துப் போசிக்குள் போட்டாள். போசியின் அடியில் அவை இரண்டும் நாதியற்றுக் கிடந்தன. இன்னும் இரண்டு போட்டாள். இன்னும் கேவலமாக இருந்தது. அந்தப் போசியின் வயிறு அப்படி. பன்னிரண்டு போட்ட பிறகுதான் பார்க்கிற மாதிரி ஆனது. மிச்சம் பத்து முறுக்கு, பத்து வீடு. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு அச்சு முறுக்கை எப்படிக் கொண்டு போய் நீட்டுவது என்கிற கவலையை அப்புறம் படலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

"பெரியம்மாகிட்ட குடுத்துட்டு வா. அம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு."

அரை மணி நேரத்தில் போசி சுவர் மேல் திரும்ப வந்து நின்றது. உள்ளே கழுத்து வரை கச்சாயம், வெல்லமும் அரிசி மாவும் கலந்து சுட்ட பணியாரம். சுடச்சுட, எண்ணெய் மினுக்கத்தோடு.

கனிஷ்கா வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்குதும்மா" என்றாள். பன்னிரண்டு முறுக்குக்கு இத்தனை கச்சாயமா என்று பிரபா போசியையே பார்த்தாள். தன் முறுக்கு போதவில்லை என்று அக்கா சொல்லாமல் சொல்கிறாள். அதோடு, போசியும் திரும்ப இங்கேயே வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் போசியைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற பெண்ணை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. முதல் ஆளாக இருக்க அவளுக்கு விருப்பமில்லை.

வீட்டில் போட்டுக் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குக்கரில் வெந்துகொண்டிருந்தது.

கேக் நன்றாகவே வந்தது. அதுதான் இன்னும் வேதனை. மேலே டூட்டி ஃப்ரூட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கனிஷ்கா என்று எழுதியிருந்தாள். பாதியை வெட்டி வைக்கலாமா என்று கத்தியை எடுத்தாள். பாதிக் கேக் யாரோ கடித்துவிட்டுக் கொடுத்தது மாதிரி இருக்கும். முழுசாக எடுத்துப் போசிக்குள் இறக்கினாள். போசிக்கு அளவெடுத்துச் சுட்டது போல உள்ளே உட்கார்ந்தது.

கனிஷ்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா அப்பறமா வேற சுட்டுத் தாரேன் சாமி."

"மாவு இருக்குதா?"

"எல்லாம் இருக்குது."

"இது தெருவுக்குச் சொல்றதா, நெசமா?"

பிரபா போசியின் மூடியை அழுத்தி மூடினாள். பிள்ளை போசியைத் தூக்கிக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் பிரபாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கனிஷ்கா அந்தப் பக்கக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பிரபாவுக்கு ஞாபகம் வந்தது. சௌந்திரத்தின் புருஷன் வெள்ளியங்கிரி கார்த்திகை முதல் தேதியே மலைக்கு மாலை போட்டிருக்கிறார். ஐயப்ப சாமி இருக்கிற வீடு. ஒரு மாசத்துக்கு மேலாக அந்த வீட்டுப் பக்கம் முட்டையின் நிழல்கூட விழவில்லை. அந்த வீட்டுக்கு மூன்று முட்டை உடைத்து ஊற்றிய கேக்கை அனுப்பியிருக்கிறாள்.

"கர்த்தாவே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

போசி திரும்பி வர இந்தத் தடவை ஒரு மணி நேரம் ஆனது. மூடியைத் திறந்தாள். உள்ளே நெய். உருக்கி வடிகட்டிய பசு நெய், மணல் மணலாக. ராசிபுரம் சந்தையில்கூட இப்படிக் கிடைக்காது.

வேறு யாராவது இருந்தால் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஊற்றியிருப்பார்கள். பிரபாவின் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. கேக்கைக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். போசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தீட்டுக் கழிய நெய் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆக, அக்காவுக்குக் கோபம்.

"பெரியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கேக்கப் பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்தாங்க. அப்பறம் பெரியப்பாவக் கூப்புட்டாங்க."

"அவரு?"

"அவரும் என்னையப் பாத்தாரு."

முடிந்தது என்று நினைத்தாள் பிரபா. இதைச் சரி செய்ய வேண்டும். கவுச்சி படாத, சுத்தமான பொருளாக ஏதாவது போட்டு அனுப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். நெய்யை வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்தாள். போசியைத் தேய்த்துக் கழுவினாள். அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுச் செல்லாயியிடம் போனாள். செல்லாயிக்கு ஒன்றரை ஏக்கர் காடும் எட்டுக் கோழிகளும் எல்லா விஷயத்திலும் ஒரு அபிப்பிராயமும் உண்டு.

"ஏனுங்கக்கா, கொஞ்சம் பச்சரிசி இருந்தாக் குடுங்க. நாளைக்கழிச்சுத் தந்தர்றேன்."

செல்லாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "போசியத் தூக்கிட்டா அரிசிக்கு வருவாங்க?"

"டம்ளருதான் எடுக்கப் பாத்தேன். இது கையில இருந்துச்சுங்க."

செல்லாயி போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அரிசியால் வாய் வரை நிரப்பிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒரு செவலைச் சேவல்.

"இது எதுக்குங்கக்கா?"

"நாளைக்கு உங்களுக்குப் பண்டிகை. பிரியாணி போடாம ரசஞ்சோறா திம்பீங்க? புடி."

"வேண்டாங்கக்கா, எல்லாம் இருக்குதுங்க."

"இருந்துட்டுப் போகுது. இதும் இருக்கட்டும்."

ஒரு கையில் போசி, ஒரு கையில் சேவல். வீட்டு வாசலைத் தாண்டியதும் சேவலின் கட்டு அவிழ்ந்தது. அது அடுப்படிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டார் கட்டியிருந்த கயிற்றில் ஏறி நின்றது. ஸ்டார் கீழே வந்தது. சேவல் பரண் மேல் போனது. பிரபா அதை அப்படியே விட்டுவிட்டு, அரிசிப் போசியைச் சுவர் மேல் வைத்து, "அக்கா, இது சுத்தமானதுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ஆள் வருவதற்குள் உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனிமேல் போசி திரும்பி வராது. முட்டை போட்டதற்கு அரிசி போட்டாயிற்று. கணக்கு நேராகிவிட்டது என்று மூச்சு விட்டாள்.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே வெள்ளியங்கிரி நின்றிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் ஒரு மாசத் தாடி. ஒரு கையில் போசி. அதில் வாய் வரை கத்திரிக்காயும் முருங்கைக்காயும் தேங்காயும். இன்னொரு தோளில் ஒரு முழு வாழைத்தார்.

"சாமி சரணம்" என்றார். இரண்டையும் வைத்தார். உள்ளே எட்டி, பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

பிரபா வாழைத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் முடியாது. அடுக்களையில் இருந்ததெல்லாம் போயாயிற்று. இந்தத் தாருக்கு ஈடாகப் போசியில் எதைப் போடுவது? கேஸ் அடுப்பைத்தான் கழற்றிப் போட வேண்டும்.

காய்களைத் தரையில் கொட்டினாள். காலிப் போசியை எடுத்துக்கொண்டு நேராகச் சௌந்திரத்தின் வீட்டுக்கு நடந்தாள். கனிஷ்கா பின்னாலேயே ஓடினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சௌந்திரத்தின் முன்னால் போசியை வைத்தாள்.

"அக்கா, இந்தாங்க உங்க போசி. காலியாத்தான் தாரேன். தப்புத்தான். இதுல போட எங்க ஊட்டுல இனி ஒண்ணுமே இல்லீங்க. அவரு வரல. சம்பளம் பொங்கலுக்கு அப்பறந்தான். அந்த ஒரு கேக்குத்தான் பண்டிகையின்னு வெச்சிருந்தேன். அதையும் முட்டை போட்டு உங்க ஊட்டுக்கு அனுப்பி..." முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சௌந்திரம் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏஞ்சாமி, என்ர போசியா?"

"ஆமாங்க."

"இது உன்ர போசியில்ல?"

"நீங்கதானுங்க காலைல சுவத்து மேல வெச்சீங்க?"

"நானெங்க வெச்சேன்? பால் பீச்சப் போறப்ப அங்க நின்னுச்சு. நீ கழுவிக் காய வெச்சிருக்கேன்னு போயிட்டேன். பொறவு அதுலயே முறுக்குப் போட்டு அனுப்புன. உன்ர போசியச் சும்மா அனுப்பறதான்னு நான் கச்சாயம் போட்டேன். மறுபடி கேக்கு வந்துச்சு. மறுபடி அரிசி வந்துச்சு. என்ன இந்தப் புள்ள உட மாட்டேங்குதேன்னு எனக்கும் வெசனமாப் போச்சு. கடைசியில ஒண்ணுமில்லாமத்தான் வாழைத்தாரை வெட்டச் சொன்னேன்."

பிரபா போசியை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"அந்தக் கேக்கு..." என்றாள் பிரபா.

"மாலை போட்ட ஊட்டுக்குள்ள எப்பிடிச் சாமி எடுக்கறது? அதுக்குன்னு புள்ள பேரு எழுதுனதைக் கொட்ட முடியுமா? அந்தா பாரு." மாட்டுக் கொட்டாயின் ஓரத்தில், கவிழ்த்த கூடைக்கு அடியில், வாழை இலை மேல் கேக் முழுசாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட உதிரவில்லை. "பேரு எழுதுன கேக்கையே அனுப்பறான்னா ஊட்டுல என்னமோ சரியில்லைன்னு அப்பவே எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அதும் இவ ஒவ்வொரு தடவையும் வந்து, 'எங்க ஊட்டுல எல்லாம் இருக்குதுங்க பெரியம்மா, நெசமாலுமே இருக்குதுங்க'ன்னு கேக்காமயே சொல்றா. எல்லாம் இருக்கற ஊட்டுல ஆரு அப்பிடிச் சொல்லுவாங்க?"

கனிஷ்கா கூடையைத் தூக்கிவிட்டுக் கேக்கின் பக்கத்தில் குந்திக்கொண்டாள். பிரபாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சௌந்திரம் அவள் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

"கிறுக்குப் புள்ள. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நாலு படி கச்சாயம் சுட்டு வெச்சிருக்கறேன். உன்ர முறுக்கோட சேத்துப் போட்டா நாளைக்குத் தெருவுக்கே ஆகும்."

இந்த இடத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். செல்லாயி வராமல் இருந்திருந்தால்.

பரண் மேலிருந்து ஜன்னல் வழியாகத் தப்பிய சேவலைத் துரத்திக்கொண்டு வந்தவள், விஷயத்தைக் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். போசியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"என்ரதும் இல்லை. உங்க ரெண்டு பேருதும் இல்லை. தெருவுல வேற ஆரும் தேடவும் இல்லை. அப்ப இது என்ன போசி?"

யாருக்கும் தெரியவில்லை.

"மார்கழி மாசம். விடியறதுக்கு முன்னால. சுவத்து மேல காலிப் போசி." செல்லாயி குரலைத் தாழ்த்தினாள். "ஆரோ திருஷ்டிக் கழிப்புக் கழிச்சு வெச்சுட்டுப் போயிருக்கறாங்க."

மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டது.

"சும்மா இருங்கக்கா" என்றாள் பிரபா. குரலில் பலமில்லை.

"எனக்கென்ன வந்துச்சு. நான் அரிசிதான் போட்டேன், திங்கல. கச்சாயம் தின்னது ஆரு?"

"நானு" என்றாள் கனிஷ்கா. "ஏழு."

"முறுக்கு?"

சௌந்திரம் தொண்டையைத் தடவிக்கொண்டாள். காலையிலிருந்து தொண்டையில் ஏதோ செய்கிற மாதிரிதான் இருந்தது என்று இப்போது தோன்றியது. வெள்ளியங்கிரி வந்து நின்று, இதற்கு நூற்றெட்டு சரணம் போதும் என்றார். பிரபா, சர்ச் ஐயரை வரச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணலாம் என்றாள். செல்லாயிக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. இந்தப் போசிக்குள் போய் வந்தது எதுவானாலும், நெய், அரிசி, காய், கச்சாயம், கேக், எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் முச்சந்தியில் கொட்டியாக வேண்டும் என்றாள்.

"சேவலு போசிக்குள்ள போகல" என்று சேர்த்துக்கொண்டாள். "அது இருக்கட்டும்."

கனிஷ்கா கேக்கை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "இதைத் தர மாட்டேன்."

"கண்ணு, அது ஆகாது சாமி" என்றாள் செல்லாயி.

"இதுல என்ர பேரு இருக்குது."

பிரபா மகளைப் பார்த்தாள். காலையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளைக்கு இப்போது கண் நிறைந்திருந்தது. கையிலிருந்து போய்த் திரும்பி வந்த பண்டிகை மறுபடியும் போகப் போகிறது. பிரபா நடுவில் போய் நின்றாள்.

"கொட்ட வேண்டாங்கக்கா. இன்னைக்கு இந்தப் போசியால எங்களுக்கு ஒரு கெட்டதும் வரல. வந்ததெல்லாம் நல்லதுதான். எது வந்தாலும் நான் பாத்துக்கறேன். எம்புள்ள இந்தக் கேக்கைத் திங்கட்டும்."

செல்லாயி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் ஒரு டிவிஎஸ் எக்செல் வந்து நின்றது. அதிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு அறுபது வயசு ஆள் ஒருவர் இறங்கினார். பூபதியின் ரிக்கில் சமையல் செய்கிற கருப்பண்ணன். பக்கத்து ஊர்க்காரர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்கு மட்டும் லீவு கொடுத்திருந்தார்கள்.

"பிரபா அம்மணி இங்கதான் இருக்கறீங்களா? பூபதி தம்பி போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாரு." அவர் பார்வை தரையில் இருந்த போசியிலும், கேக்கிலும், சுவருக்கு அந்தப் பக்கம் பிரபாவின் வாசலில் கிடந்த வாழைத்தாரிலும் போய் நின்றது. "போசி வந்து சேந்துருச்சுங்களா?"

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"இது நீங்க வெச்சதுங்களா?" என்றாள் பிரபா.

"நாந்தானுங்க. விடியக்கால ரயில உட்டு எறங்கி, நேரா இங்க வந்து வெச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போயிப் படுத்தேன். ஆயில் கம்பெனிக்காரன் ரிக்குக்குச் சும்மா குடுத்த போசி. தம்பி உங்களுக்குக் கிறிஸ்துமஸுக்குக் குடுத்துட்டாரு."

"ஏனுங்க, பண்டிகைக்கு வெறும் போசியவா ஒரு மனுசன் குடுத்து உடுவான்?" என்றாள் செல்லாயி. "அதையும் கதவத் தட்டிக் கையில குடுக்காம, சுவத்து மேலயா வெச்சுட்டுப் போவீங்க?"

கருப்பண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நானும் அதையேதானுங்க கேட்டேன். அதுக்கு, 'உள்ள போட்டு அனுப்ப எங்கிட்ட ஒண்ணுமில்லீண்ணா, நீங்க அந்தச் சுவத்து மேல மட்டும் வெச்சுட்டு ஆருகிட்டயும் சொல்லாமப் போயிருங்க, பொழுது உழுகறதுக்குள்ள எங்க தெருவே அதை நெரப்பிரும்'னு சொன்னாரு பூபதி."